கிட்டார் நெக்குக்கு எந்தப் பூச்சு உழைக்கும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிட்டாரில் நம் கை இடைவிடாமல் உரசிக்கொண்டே இருக்கும் இடம் அதன் கழுத்து. பேச்சில் எல்லோரும் நெக் என்றுதான் சொல்கிறோம், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். கிட் வாங்கித் தாமே கிட்டாரைக் கோர்ப்பவர்களும், தேய்ந்துபோன பழைய நெக்கைப் புதுப்பிக்க நினைப்பவர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். மேப்பிள் மரத்தில் செய்து நான்கு திருகாணியால் உடலோடு பிணைக்கிற டெலிகாஸ்டர் என்ற எலெக்ட்ரிக் கிட்டாரின் வகை நெக்கை மனத்தில் வைத்தே பதில் எழுதியிருக்கிறேன். வேறு மரம் என்றால் அந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

பூச்சே வேண்டாம், வெறும் மரமாக விட்டுவிடலாமா?

வெறும் மேப்பிளில் கை வழுக்கிப் போகும் சுகமே தனி. ராக் கிட்டார் கலைஞர் எட்டி வான் ஹேலன் விரும்பியது அதைத்தான். ஆனால் மேப்பிள் வெளிறிய மரம். வியர்வையும் அழுக்கும் சில மாதங்களில் உள்ளே இறங்கிச் சாம்பல் நிறத் திட்டாகிவிடும். அதைத் தேய்த்து எடுப்பதென்றால் மரத்தையே தேய்த்து எடுப்பதுதான்.

அழுக்கைவிடப் பெரிய பிரச்சினை ஈரம். மரம் நீளவாக்கில் அதிகம் அசையாது, ரேகைக்குக் குறுக்கே வீங்கும், சுருங்கும். கிட்டார் கம்பிகள் ஆறும் சேர்ந்து நெக்கைச் சுமார் 40 கிலோ அளவுக்கு இழுத்துக்கொண்டிருக்கின்றன. இந்த இழுப்பின் நடுவே மரம் ஒரு பக்கம் ஈரம் குடித்து இன்னொரு பக்கம் குடிக்காமல் இருந்தால், நெக் வளையவோ முறுக்கிக்கொள்ளவோ செய்யும். வளைவை உள்ளே இருக்கும் ட்ரஸ் ராட் என்ற உலோகக் கம்பியால் திருத்தலாம், முறுக்கைத் திருத்த முடியாது. நெக்கை மட்டும் தனியாகச் செய்து விற்கும் நிறுவனங்களில் சில, மேப்பிளுக்குக் கடினமான பூச்சு அடிக்காவிட்டால் வளைவுக்கு உத்தரவாதம் கிடையாது என்றே சொல்லிவிடுகின்றன. ரோஸ்வுட், வெங்கே போன்ற எண்ணெய்ப்பசையுள்ள மரங்களுக்கு மட்டும் விலக்கு.

வயலின் கழுத்து வெறும் மரமாகத்தானே இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான். வார்னிஷ் அடிக்காமல் எண்ணெயோ அரக்கோ லேசாகத் தேய்த்து விடுவது அங்கே வழக்கம். ஆனால் அந்தக் கழுத்து குட்டை, கம்பிகளின் இழுவையும் குறைவு. நம்முடையது நீளம்.

அப்படியானால் இருப்பதிலேயே கெட்டியான பூச்சைப் போட்டுவிடலாமே?

இங்கேதான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். கெட்டியாக இருப்பது வேறு, உழைப்பது வேறு. தொழிற்சாலைகள் அடிக்கும் பாலியெஸ்டர் பூச்சு கண்ணாடி மாதிரி கெட்டி. வியர்வை அதை அசைக்காது. ஆனால் நெக்கை எங்காவது இடித்துவிட்டால் முட்டை ஓடு மாதிரி ஒரு சில்லு பெயர்ந்து வரும். அந்தப் பள்ளத்தின் ஓரம் விரலில் நெருடிக்கொண்டே இருக்கும். அதைச் சுவடு தெரியாமல் ஒட்டுப்போடுவது வீட்டில் நடக்கிற காரியமில்லை. எண்ணெய்ப் பூச்சு நேர் எதிர். ஒரு வருஷத்தில் தேய்ந்துவிடும், ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் கால்மணி நேரத்தில் மறுபடி பூசிவிடலாம்.

நெக்கைப் பொறுத்தவரை மெல்லியதாக இருக்க வேண்டும், முழுசாகக் காய்ந்திருக்க வேண்டும், தேய்ந்த இடத்தில் மட்டும் மறுபடி பூச முடியவேண்டும். இந்த மூன்றையும் வைத்துத்தான் நான் ஒரு பூச்சை மதிப்பிடுகிறேன். கெட்டித்தன்மை அதற்கு அப்புறம்தான்.

கடையில் பத்துப் பெயர் சொல்கிறார்கள். இவற்றுக்குள் என்ன வித்தியாசம்?

பெயர்களை மறந்துவிட்டு, அது எப்படிக் காய்கிறது என்று மட்டும் பாருங்கள். அரக்கும் நைட்ரோ (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கரும் கரைப்பான் ஆவியாகிப் போவதால் காய்பவை. அதே கரைப்பானை மறுபடி தொட்டால் மறுபடி இளகும். அதனால் ஒட்டுப்போடுவது சுலபம், பாதுகாப்பு கொஞ்சம் குறைவு. ஆளிவிதை எண்ணெய், வார்னிஷ், பாலியூரித்தேன், பாலியெஸ்டர் இவையெல்லாம் வேதிவினையால் இறுகுபவை. ஒருமுறை இறுகினால் பழைய நிலைக்குத் திரும்பாது. பாதுகாப்பு அதிகம், ஆனால் புதுப் பூச்சு பழைய பூச்சோடு உருகிச் சேராது. சொரசொரப்பாக்கி மேலே ஒட்டவைக்க வேண்டும்.

பழைய ஃபெண்டர், கிப்சன் கம்பெனிக் கிட்டார்கள் எல்லாம் நைட்ரோதானே? அதுதானே சிறந்தது?

1950களில் கையில் இருந்த நல்ல ஸ்ப்ரே பூச்சு அது, அதனால் அடித்தார்கள். கார்களுக்கு அடித்ததும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். மெல்லியது, பார்க்க அழகு, ஒவ்வொரு கோட்டும் முந்தைய கோட்டோடு கரைந்து ஒரே படலமாகிவிடும். வயதானால் தேன் நிறத்துக்கு மாறும். இதெல்லாம் சரி. ஆனால் உழைப்பு என்று பார்த்தால் அந்தக் கால மேப்பிள் ஃப்ரெட்போர்டுகளின் (நெக்கில் விரல் வைத்து அழுத்தும் முன்பக்கப் பலகை) படத்தைப் பாருங்கள், விரல் பட்ட இடமெல்லாம் லாக்கர் போய் மரம் கறுத்திருக்கும். 1959 வாக்கில் ஃபெண்டர் மேப்பிளின் மேல் ரோஸ்வுட் பலகை ஒட்டத் தொடங்கியதற்கு இந்தக் கறுப்பும் ஒரு காரணம் என்பார்கள். 1960களின் கடைசியில் அவர்களே பாலியெஸ்டர் பக்கம் போனார்கள். கிப்சன் இன்றும் நைட்ரோவை விடவில்லை. அப்படித் தேய்வதைத்தான் இன்று ரசிகர்கள் காசு கொடுத்து வாங்குகிறார்கள், அது வேறு கதை.

கடலோர ஊரில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. காற்றில் ஈரம் அதிகமாக இருக்கும்போது நைட்ரோ அடித்தால் தின்னர் வேகமாக ஆவியாகும், மேற்பரப்பு குளிரும், காற்றின் ஈரம் அதன்மேல் படியும். காலையில் பார்த்தால் பால் ஊற்றியதுபோல் வெண்படலம் பூத்திருக்கும். மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் தின்னர் கலந்து சமாளிக்கலாம். அதைவிட, சென்னையில் ஐப்பசி கார்த்திகையில் லாக்கர் வேலையே வைத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது.

அரக்கு பாலிஷ்?

பிரெஞ்சு பாலிஷ் என்று ஸ்பானிஷ் கிட்டார்காரர்கள் கொண்டாடுவது இதைத்தான். மூலப்பொருள் நம் நாட்டுச் சரக்கு. ஜார்க்கண்ட் பக்கத்துக் காடுகளில் அரக்குப் பூச்சி மரக்கிளையில் சுரப்பது. பழைய 78 சுழற்சி இசைத்தட்டுகள்கூட இதை வைத்துத்தான் செய்தார்கள். கிட்டார் உடலில் இதற்கு ஈடு கிடையாது. நெக்கில் மட்டும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். வியர்வையும் சூடும் சேர்ந்தால் இளகும், ஆல்கஹால் பட்டால் கரையும். கையில் சானிடைசர் தேய்த்துவிட்டு அப்படியே வாசிக்க உட்கார்ந்த ஒருவரின் நெக்கைப் பார்த்திருக்கிறேன், கட்டைவிரல் ரேகை அப்படியே பதிந்திருந்தது.

ஆனால் அடிக்கோட்டாக அருமையாக இருக்கும். மெழுகு நீக்கிய அரக்கு ஏறக்குறைய எல்லா மரத்திலும் ஒட்டும், அதன் மேல் ஏறக்குறைய எல்லாப் பூச்சும் ஒட்டும். மெழுகு நீக்காததன் மேல் பாலியூரித்தேன் சரியாகப் பிடிக்காது. வாங்கும்போதே கேட்டு வாங்குங்கள்.

வீட்டில் தேங்காய் எண்ணெய் இருக்கிறதே, அதைத் தேய்த்தால் போதாதா?

போதாது, தேய்க்கவும் கூடாது. நல்லெண்ணெய், விளக்கெண்ணெய் எதுவும் வேண்டாம். காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்து, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து ரப்பர் மாதிரி இறுகும் எண்ணெய்தான் பூச்சுக்கு ஆகும். இறுகும் குணத்தை அயோடின் எண் என்ற அளவால் கணிப்பார்கள். ஆளிவிதைக்கு அது 170க்கு மேல், தேங்காய்க்குச் சுமார் 10. அதாவது தேங்காய் எண்ணெய் எத்தனை வருஷம் ஆனாலும் எண்ணெயாகவே இருக்கும், தூசியைப் பிடித்துவைக்கும், சிக்கு வாடையும் வரும். விளக்கெண்ணெய் நடுவில் நிற்கிறது, அதுவும் தானாகக் காயாது.

சரி, ஆளிவிதை எண்ணெய் அல்லது டங் எண்ணெய் போடலாமா?

போடலாம், பொறுமை இருந்தால். பச்சை ஆளிவிதை எண்ணெய் காய வாரக்கணக்கில் ஆகும். பெயின்ட் கடையில் டபுள் பாயில்டு என்று விற்பதில் பெரும்பாலும் காய்ச்சலைவிட உலர்த்தும் உலோக உப்புகளின் வேலைதான் அதிகம். அது ஒரு நாளில் தொடும் பதத்துக்கு வரும். டங் எண்ணெய் சீனாவைச் சேர்ந்த ஒரு மரத்தின் கொட்டையிலிருந்து எடுப்பது, ஆளிவிதையைவிட நீரை நன்றாகத் தாங்கும். டப்பாவில் டங் ஆயில் ஃபினிஷ் என்று போட்டிருந்தால் உள்ளே இருப்பது பெரும்பாலும் மெலிதாக்கிய வார்னிஷ்தான். அது மோசமான சரக்கு என்று சொல்லவில்லை, என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கினால் சரி.

துப்பாக்கிக் கட்டைக்குப் பூசும் எண்ணெய் இந்தக் கூட்டத்தில் தனி. பர்ச்வுட் கேசியின் ட்ரூ ஆயில் அந்த வகை. முன்கூட்டியே பாதி இறுகவைத்த எண்ணெயும் வார்னிஷும் சேர்ந்தது, சில மணி நேரத்தில் காயும், ஐந்தாறு கோட்டில் மெல்லிய படலமே உண்டாகிவிடும். எர்னி பால் மியூசிக் மேன் என்ற கிட்டார் கம்பெனியின் நெக்குகள் பல தொழிற்சாலையிலிருந்தே துப்பாக்கிக் கட்டை எண்ணெயும் மெழுகும் தடவித்தான் வருகின்றன. மேடையில் வருஷக்கணக்காக வாசிப்பவர்கள் அதை வைத்துக்கொண்டு திருப்தியாக இருக்கிறார்கள். அவ்வப்போது சுத்தம் செய்து மறுபடி பூச வேண்டும், அவ்வளவுதான். குப்பியைத் திறந்த பிறகு உள்ளே இருக்கும் காற்றாலேயே மேலே ஆடை கட்டிவிடும். கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னக் குப்பிகளில் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய் பூசி மூன்று வாரம் ஆகியும் பிசுபிசுவென்று இருக்கிறது. என்ன தவறு?

என் முதல் நெக்கும் இப்படித்தான் ஆனது. நிறையப் பூசினால் நிறையப் பாதுகாப்பு என்று நினைத்து, நவம்பர் மழையில், தோசைக்கு எண்ணெய் விடுகிற மாதிரி தாராளமாக விட்டு அப்படியே தொங்கவிட்டேன். ஒரு மாதம் கழித்தும் விரல் வைத்தால் விரல் ஒட்டியது. எண்ணெய் மேலிருந்து கீழாக இறுகும். தடியாக இருந்தால் மேலே தோல் கட்டி, உள்ளே காற்றுப் போகாமல் பச்சையாகவே நிற்கும். கடைசியில் டர்பன்டைன் தொட்ட துணியால் முழுவதையும் துடைத்தெடுத்து, உப்புத்தாள் போட்டு, முதலிலிருந்து தொடங்கினேன். நீங்களும் அதைத்தான் செய்ய வேண்டும். எண்ணெய் பூசுவதில் பாதி வேலை பூசிய எண்ணெயைத் துடைத்து எடுப்பது. பத்துப் பதினைந்து நிமிஷம் ஊறவிட்டு, இனி துடைக்க எதுவுமில்லை என்கிற அளவுக்குத் துடைக்க வேண்டும்.

உங்கள் கிட்டாருக்கு நீங்கள் என்ன போடுகிறீர்கள்?

எண்ணெய் அடிப்படையிலான ஒற்றை டப்பா பாலியூரித்தேன் வார்னிஷ், பாதிக்குப் பாதி மினரல் டர்பன்டைன் கலந்து, துணியால் தேய்த்து. கடையில் பி.யு. என்று மட்டும் கேட்டால் பெரும்பாலும் ஹார்டனர் தனியாக உள்ள இரட்டை டப்பாவை எடுத்து வைப்பார்கள். டர்பன்டைனில் கலக்கிற ரகம் என்று சொல்லிக் கேளுங்கள். துணியால் தேய்ப்பதால் ஸ்ப்ரே வேண்டாம், தூரிகைத் தடம் விழாது, வழிந்து கட்டி நிற்காது. எண்ணெயின் சுகம் பாதி, பாலியூரித்தேனின் காவல் முக்கால் என்று சொல்லலாம்.

முதலில் நெக்கின் பின்புறத்தை 220 எண் உப்புத்தாளில் (எண் கூடினால் தாள் நைஸ்) ரேகை போகும் திசையிலேயே தேய்க்கிறேன். ஈரத் துணியால் ஒருமுறை துடைத்தால் மரநார் எழும்பி நிற்கும். காய்ந்ததும் 320 போட்டு அதை வெட்டிவிடுகிறேன். அதற்கு மேல் நைசாகப் போவதில்லை, மேப்பிளைக் கண்ணாடியாக்கிவிட்டால் பூச்சுக்குப் பிடிமானம் இருக்காது. நட் (தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் சின்னத் துண்டு) உட்காரும் வெட்டு, ட்ரஸ் ராட் துளை, ரோஸ்வுட் என்றால் ஃப்ரெட்போர்டு முழுவதும், எல்லாவற்றுக்கும் மாஸ்கிங் டேப். நெக்கை உடலின் குழிக்குள் பொருத்திப் பார்த்து, இறுக்கமாக இருந்தால் அந்தப் பக்கவாட்டில் ஒரு கோட்டுக்கு மேல் போடுவதில்லை. அங்கே பூச்சு தடித்தால் நெக் உள்ளே போகாது, தட்டி இறக்கினால் உடலின் பெயின்ட் வெடிக்கும். ஆனால் நெக் உடலுக்குள் உட்காரும் அடிக்கட்டையின் வெட்டுமுகத்தை அப்படியே விட்டுவிடக் கூடாது. மரம் ஈரத்தை அதிகம் குடிப்பது அந்த முகம் வழியாகத்தான்.

அப்புறம் பழைய பனியன் துணி. புதுத் துணி நூல் விடும். துணி நனைந்திருக்க வேண்டும், சொட்டக் கூடாது. தலையிலிருந்து அடிவரை நீளமாக ஒரே இழுப்பு. போன இடத்துக்கே திரும்பத் திரும்பப் போனால் இழுபட்டுக் கோடு விழும். ட்யூனர் (கம்பியை முறுக்கும் சாவி) துளையில் கம்பி கோர்த்துத் தூசியில்லாத அறையில் தொங்கவிட்டு, மறுநாள் அடுத்த கோட். மழைக்காலம் என்றால் இரண்டு நாள். இரண்டு கோட்டுக்கு ஒருமுறை 400 தாளால் லேசாக ஒரு வருடல். ஆறு கோட் ஆனதும் நிறுத்திவிடுவேன்.

அடுத்துதான் கஷ்டமான வேலை, சும்மா இருப்பது. மூன்று வாரம் தொடாமல் விட்டுவிட்டு, பின்புறத்தை மட்டும் 0000 எண், மிக நைசான ஸ்டீல் வுல்லால் (இரும்பு இழைப் பஞ்சு) நீளவாக்கில் தேய்த்தால் பளபளப்புப் போய்ப் பட்டுப்போல் ஆகிவிடும். மேலே கொஞ்சம் மெழுகு. ஸ்டீல் வுல் உதிர்க்கும் இரும்புத்தூள் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் பாகம்) காந்தத்தில் அப்பிக்கொள்ளும், அதனால் இதை நெக் தனியாக இருக்கும்போதே செய்துவிடுங்கள்.

கார் பெயின்ட் பட்டறையில் கொடுத்து அடிக்கலாமா?

எப்போதும் கை வியர்த்துக்கொண்டே இருக்கிறவர்களுக்கு நான் சொல்வது அதுதான். கார்களுக்கு மேலே அடிக்கிற, ஹார்டனர் சேர்க்கும் இரட்டைப் பாலியூரித்தேன் கிளியர் வியர்வை, கரைப்பான் இரண்டையும் தாங்கும், ஒரு வாரத்தில் ஓரளவு இறுகிவிடும். பட்டறைக்காரரிடம் இரண்டு விஷயம் சொல்லவேண்டும். மெல்லிசாக இரண்டு மூன்று கோட் போதும், பின்புறம் மேட்டாக இருக்க வேண்டும். சொல்லாவிட்டால் பானட் மாதிரி பளபளவென்று தடியாக அடித்துத் தந்துவிடுவார், அவர் பழக்கம் அது.

இதை வீட்டு மொட்டைமாடியில் நீங்களே அடிக்க முயலாதீர்கள். ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. துணி முகமூடி அதைத் தடுக்காது, மூச்சுக்குழாயில் ஒவ்வாமை வந்துவிட்டால் வாழ்நாள் முழுவதும் கூடவே வரும்.

கட்டிலுக்கு அடிக்கும் மெலமைன் பாலிஷ்?

வியர்வையைத் தாங்கும். கொஞ்சம் முறுகலான பூச்சு, அடிபட்டால் விரிசல் விடும். ஃபார்மால்டிஹைடு வாடை கண்ணைக் கரிக்கும். ஒற்றை டப்பா பாலியூரித்தேன் கிடைத்தால் இதைத் தேடிப் போகவேண்டியதில்லை.

தண்ணீரில் கலக்கும் பாலியூரித்தேன்?

வாடை குறைவு, சீக்கிரம் காயும், அபார்ட்மென்டில் இருப்பவர்களுக்கு வசதி. மேப்பிளை வெளிறிப்போனதாகவே காட்டும். அது பிடிக்காதவர்கள் முதலில் ஒரு கோட் மெழுகு நீக்கிய ஆரஞ்சு அரக்கு போட்டுக்கொண்டால் வெதுவெதுப்பான நிறம் வரும்.

மகோகனி நெக்?

அந்த மரத்தில் துளைகள் திறந்திருக்கும். கண்ணாடிபோல் வேண்டுமென்றால் கிரெயின் ஃபில்லர் போட்டு அடைக்க வேண்டும். நெக்கின் பின்புறத்துக்கு அந்தச் சிரமம் தேவையில்லை, துளை தெரிந்தாலும் கைக்கு ஒன்றும் ஆகாது.

ஃப்ரெட்போர்டுக்கும் பூசவேண்டுமா?

மேப்பிள் என்றால் கட்டாயம். அதுவும் எண்ணெய் போதாது, படலம் வேண்டும். ஃப்ரெட்டுகள் (பலகையின் குறுக்கே இருக்கும் உலோகக் கம்பிகள்) ஏற்கெனவே பதித்திருந்தால் அவற்றின் மேலேயும் சேர்த்தே பூசிவிட்டு, காய்ந்த பிறகு ஃப்ரெட் தலையிலிருந்து சுரண்டி எடுப்பதுதான் வழக்கம். ஓரங்களில் பூச்சு தேங்கிக் கட்டி நிற்கும், ஒவ்வொரு கோட்டிலும் காய்ந்த துணியின் முனையால் அதை ஒற்றி எடுத்துவிடுங்கள்.

ரோஸ்வுட், கருங்காலி இரண்டுக்கும் படலம் வேண்டாம். உலகம் முழுக்க ஃப்ரெட்போர்டில் பார்க்கிற ரோஸ்வுட்டில் பெரும்பங்கு நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வளரும் ஈட்டி மரம்தான், எண்ணெய்ப்பசை அதற்குள்ளேயே இருக்கிறது. கம்பி மாற்றும்போது வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறை சுத்தம் செய்து, ஃப்ரெட்போர்டுக்கென்று விற்கும் எண்ணெயில் நாலு சொட்டு தேய்த்துத் துடைத்தால் போதும்.

ஃப்ரெட் இல்லாத பேஸ் கிட்டார் வேறு விஷயம். கம்பி மரத்தையே அறுக்கும். பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸ் தன் ஃபெண்டர் பேஸின் பலகைக்குப் படகுக்கு அடிக்கிற எபாக்ஸியைப் பூசியது அதனால்தான். பலகையின் ஆயுளோடு, பாடுவதுபோன்ற அவருடைய தொனிக்கும் அது உதவியது.

இப்போதுள்ள நெக் பளபளப்பாக, கை ஒட்டுகிறது. எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிடட்டுமா?

வேண்டவே வேண்டாம். பூச்சு நன்றாக இருக்கிறது, அதன் பளபளப்பு மட்டும்தான் தொல்லை. 800 தாளோ பச்சை நிற ஸ்க்ரப் பேடோ எடுத்து, நீளவாக்கில் பத்து நிமிஷம் தேய்த்தால் மேட்டாகிவிடும், கை ஓடும். சில மாதத்தில் உங்கள் கையே அதை மறுபடி பளபளப்பாக்கும், மறுபடி தேய்த்துக்கொள்ளலாம். தொழிற்சாலை பாலியெஸ்டரை முழுதாக எடுக்கப் போனால் நெக்கின் வடிவமே மாறிவிடும் அபாயம் உண்டு.

ஏற்கெனவே என்ன பூச்சு இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நெக்கைக் கழற்றி, உடலுக்குள் மறைந்திருக்கும் பகுதியில் பஞ்சில் தொட்ட ஆல்கஹாலை வைத்துப் பாருங்கள். இளகினால் அரக்கு. இளகவில்லை என்றால் லாக்கர் தின்னர். அதில் இளகினால் நைட்ரோவாக இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டுக்கும் அசையாவிட்டால் பாலியூரித்தேன் அல்லது பாலியெஸ்டர்.

நெக்கில் பூச்சு மாறினால் தொனி மாறுமா?

என் காதுக்குக் கேட்கவில்லை. கைக்குத் தெரிகிறது, கைக்குப் பிடித்தால் நன்றாக வாசிப்போம், அந்த வழியாக வேண்டுமானால் மாறலாம்.

எண்ணெய்த் துணி தானாகத் தீப்பிடிக்கும் என்கிறார்களே, நிஜமா?

நிஜம். ஆளிவிதை எண்ணெய் இறுகும்போது சூடு வெளிவரும். விரித்த துணியில் அந்தச் சூடு காற்றில் போய்விடும். பந்தாகச் சுருட்டிக் குப்பைத்தொட்டியில் போட்டால் உள்ளேயே சேர்ந்து, சில மணி நேரத்தில் புகைந்து பற்றிக்கொள்ளும். நெருப்புப்பொறி எதுவும் தேவையில்லை. எண்ணெய் கலந்த வார்னிஷ் துணிக்கும் இதே கதைதான். வெளியே கொடியில் ஒற்றையாக விரித்துப் போட்டு மொரமொரவென்று காய்ந்த பிறகு எறியுங்கள், அல்லது தண்ணீர் நிறைந்த டப்பாவில் அமிழ்த்தி வையுங்கள்.

பூசி முடித்த பிறகு எதிலிருந்து காப்பாற்ற வேண்டும்?

வாசித்து முடித்ததும் காய்ந்த பருத்தித் துணியால் ஒரு துடைப்பு. கிட்டார் ஸ்டாண்டின் ரப்பர் நைட்ரோவோடு சேரவே சேராது, இரண்டும் இளகி ஒட்டிக்கொண்டு அந்த இடத்தில் தழும்பு விழும். ரப்பரின் மேல் பழைய சாக்ஸை மாட்டிவிடுங்கள். மாலையில் மாடியில் உட்கார்ந்து வாசிக்கிறவர்கள் கொசு விரட்டிக் களிம்பின் பின்பக்கத்தைப் படியுங்கள். டீட் என்று போட்டிருந்தால் அது பிளாஸ்டிக்கையும் லாக்கரையும் இளக்கிவிடும். தடவிய கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுக் கிட்டாரை எடுங்கள், இல்லையென்றால் மின்விசிறியைப் போட்டுக்கொண்டு உள்ளேயே வாசியுங்கள்.